மாசி, பங்குனியில் காவிரிக்கரைச் சவாரி: எந்தக் கரை, எந்த நேரம், எந்த லென்ஸ்?

#1 | காவிரிக்கரையான் | திருச்சி | மாசி 14

நண்பர்களுக்கு வணக்கம்.

ஜனவரி 28-ஆம் தேதி மேட்டூரை மூடிவிட்டால் ஜூன் 12 வரை காவிரிப் பக்கம் எட்டிப் பார்க்காதவர்கள் எங்கள் ஊரில் நிறையப் பேர். "மணல்தானே கிடக்கிறது, அங்கே போய் என்ன படம் எடுக்கப் போகிறாய்?" என்று என் வீட்டிலேயே கேட்கிறார்கள். எனக்கோ மாசி நடுவிலிருந்து பங்குனிக் கடைசி வரையிலான இந்த ஆறு வாரங்கள்தான் வருடத்திலேயே பொன்னான நாட்கள். மார்கழியில் எதிரே வரும் வண்டி தெரியாத பனி. சித்திரை பிறந்துவிட்டால் எட்டு மணிக்கே முதுகு காந்தும். இரண்டுக்கும் நடுவில், மரங்கள் ஒரு கிளையில் இலையைக் கொட்டிக்கொண்டே மறு கிளையில் துளிர்க்கிற காலம் இது. நமக்கு வசந்தம் என்று ஒன்று உண்டென்றால் இதுதான்.

என் வழக்கமான பாதை: திருவானைக்காவில் புறப்பட்டு உத்தமர்சீலி, கிளிக்கூடு வழியாகக் கல்லணை. ஏறக்குறைய 15 கிலோமீட்டர். ஒரு பக்கம் காவிரி, மறு பக்கம் கொள்ளிடம், நடுவில் வாழைத் தோட்டங்கள். திரும்பும்போது சில நாள் தென்கரையில் வேங்கூர், சர்க்கார்பாளையம் வழியாக வருவேன். ஏற்றம் இறக்கம் இல்லாத சாலை. கியர் இல்லாத சைக்கிளே போதும். நான் ஓட்டுவது அப்பா விட்டுச் சென்ற கறுப்பு வண்டி. கேரியரும் மணியும் அவர் காலத்தவை.

இந்தப் பாதையின் அருமை அதன் திசையில் இருக்கிறது. திருச்சியிலிருந்து கல்லணை வரை காவிரி கிட்டத்தட்ட நேர்க்கிழக்காக ஓடுகிறது. மார்ச் 20, 21 தேதிகளில் சூரியனும் நேர்க்கிழக்கில் உதிக்கிறது. ஆகவே இந்த வாரங்களில் போகும்போது சூரியன் ஆற்றின் நடுவிலிருந்து கிளம்பி நம் முகத்துக்கு நேரே வரும். மணல் திட்டு, தேங்கிய மடு, நாணல் பூ எல்லாவற்றுக்கும் பின்னாலிருந்து வெளிச்சம். வாழை இலை ஒவ்வொன்றும் விளக்கு ஏற்றி வைத்தது போல் நரம்பு தெரிய நிற்கும். திரும்பும்போது அதே வெளிச்சம் நம் முதுகுக்குப் பின்னால் வந்துவிடும். போகும்போது நிழலுருவாகத் தெரிந்த மரம் இப்போது நிறத்தோடு நிற்கும். ஒரே சாலையில் இரண்டு ஊர் பார்த்தது போல.

என் கேள்விகள் இவை. என்னிடம் பழைய கேமரா ஒன்றும், 35 மி.மீ. லென்ஸும், 55–250 ஜூமும் இருக்கின்றன. இரண்டையும் தூக்கிக்கொண்டு போகலாமா? சைக்கிளில் எதில் வைத்துக் கொண்டுபோவது பாதுகாப்பு? கல்லணையைத் தாண்டித் திருக்காட்டுப்பள்ளி வரை போக ஆசை. அங்கே உளுந்து வயல்கள் பசுமையாக இருக்கும் என்கிறார்கள். எங்கே நின்று எடுக்கலாம்?

#2 | ஓய்வுபெற்ற தமிழாசிரியர் | லால்குடி | மாசி 14

தம்பி, எழுத்தைப் படித்ததும் எனக்கே மிதிக்க வேண்டும் போலிருக்கிறது. ஒரு சிறு திருத்தம் மட்டும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. நம் கணக்கில் மாசியும் பங்குனியும் பின்பனி. சித்திரையும் வைகாசியும் இளவேனில். நீங்கள் வசந்தம் என்று சொல்வதன் வாசற்படியில் நிற்கிறீர்கள், இன்னும் உள்ளே போகவில்லை. ஆனால் துளிர் முதலில் தெரிவது அந்த வாசற்படியில்தான் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

படம் எடுக்க ஒரு யோசனை. பழைய கோயில் பக்கம் இலுப்பை மரம் இருந்தால் பங்குனியில் விடிவதற்கு முன்பே போய்ச் சேருங்கள். இலுப்பைப் பூ இரவில் மலர்ந்து விடியலில் உதிரும். வெளிர்மஞ்சளாக, சதைப்பற்றோடு, சின்னக் குடம் போலத் தரையெல்லாம் கிடக்கும். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்றார்களே, ஒன்றை எடுத்து வாயில் போட்டுப் பாருங்கள். மேலே பார்த்தால் அதே கிளையில் செம்பு நிறத் துளிர். வெயில் ஏறிவிட்டால் பூ பழுப்பேறிவிடும், எறும்பும் வந்துவிடும். அரச மரத்தையும் மறக்க வேண்டாம். இளம் இலை ரோஜா நிறத்தில் வரும். பத்துப் பதினைந்து நாளில் பச்சையாகிவிடும்.

#3 | கோவைச்சக்கரம் | கோயம்புத்தூர் | மாசி 15

நான் மாற்றுக் கருத்து சொல்ல வந்திருக்கிறேன். சவாரியையும் படத்தையும் ஒரே காலையில் சேர்க்காதீர்கள். ஆனைகட்டிப் பக்கம் ஏழு வருடமாக ஓட்டுகிறேன். மிதிப்பதில் ஒரு தாளம் இருக்கிறது. மூச்சும் காலும் ஒன்றுசேர அரைமணி நேரம் ஆகும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை இறங்கினால் அந்தத் தாளம் கூடிவராது. படத்துக்கும் அதேதான்: கைகால் பதற, வியர்வை கண்ணில் வழிய எடுத்த படத்தில் நிதானம் இருக்காது. ஒரு நாள் சவாரிக்கு, ஒரு நாள் படத்துக்கு என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

கேமராவைச் சுமப்பது பற்றி அனுபவப்பட்டே சொல்கிறேன். மூன்று வருடம் முன்பு பெரிய கேமராவைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு போனேன். சாலையில் சிந்தியிருந்த ஜல்லியில் முன்சக்கரம் வழுக்கி விழுந்தேன். கேமராவின் மூலை நெஞ்சில் குத்தி விலா எலும்பில் விரிசல். ஆறு வாரம் இருமக்கூட முடியவில்லை. அன்றிலிருந்து நெஞ்சிலும் தொங்கவிடுவதில்லை, முதுகெலும்புக்கு நேராகவும் கனமான எதையும் வைப்பதில்லை. இடுப்பில் கட்டுகிற சின்னப் பை, அதில் ஒரே ஒரு லென்ஸ். ஹேண்டில்பாரில் பை மாட்டினால் அடியில் கெட்டியாக மடித்த துண்டு போடுங்கள். சாலையின் அதிர்வு முழுக்க அங்கேதான் இறங்கும். ஜூமை வீட்டில் வையுங்கள்.

#4 | நிலாமுற்றம் | ஸ்ரீரங்கம் | மாசி 15

அண்ணா, நானும் இதே ஸ்ரீரங்கம் தீவுக்காரிதான். இரண்டு வருடமாக என் சித்தி மகளோடு ஞாயிறு காலைகளில் கிளிக்கூடு வரை போய் வருகிறேன். கேமரா இல்லை, கைபேசி மட்டும்.

பெண்களுக்காக ஒன்று எழுதுகிறேன். இருட்டில் தனியாகப் புறப்படாதீர்கள். மாசித் தொடக்கத்தில் சூரியன் உதிக்க 6:35 ஆகிவிடும், பங்குனித் தொடக்கத்தில் 6:22 அளவுக்கு வரும். நாங்கள் ஆறு மணிக்கு மேல் கிளம்புகிறோம். பால்காரர், பேப்பர் போடுகிறவர், தோட்டத்துக்குப் போகிறவர்கள் என்று அப்போது சாலையில் ஆள் நடமாட்டம் இருக்கும். முதல் மாதம் முறைத்துப் பார்த்தவர்கள் இப்போது "இன்றைக்கு ஏன் தாமதம்?" என்று கேட்கிறார்கள். உத்தமர்சீலியில் ஒரு பாட்டி கட்டாயம் நிறுத்தித் தண்ணீர் கொடுப்பார். அந்தச் சாலை எங்களுக்குச் சொந்தமானது இப்படித்தான்.

கைபேசிக்காரர்களுக்கு: சூரியனை எதிர்த்து எடுக்கும்போது திரையில் வெளிச்சமான இடத்தைத் தொட்டு, விரலைக் கீழே இழுத்து வெளிச்சத்தைக் குறையுங்கள். வாழை இலையின் பச்சை அப்போதுதான் வெளுக்காமல் வரும். லென்ஸை முதலில் துடையுங்கள். பையில் இருந்த கைபேசியில் விரல் எண்ணெய் படிந்திருக்கும். எதிர்வெளிச்சத்தில் படம் முழுக்கப் புகை மூட்டமாகிவிடும்.

இன்னொன்று. மாசிக் கடைசி ஞாயிறு சமயபுரத்தில் பூச்சொரிதல் தொடங்குகிறது. ஊர் ஊராகப் பூத்தட்டு ஏந்தி நடந்து வருவார்கள். கொள்ளிடத்துக்கு வடக்கே அன்றைக்கு சைக்கிள் ஓட்ட நினைக்காதீர்கள், நடக்கிறவர்களுக்கு இடைஞ்சல். சைக்கிளை வீட்டில் விட்டுவிட்டு அந்தக் கூட்டத்தோடு நடந்து போய்ப் பாருங்கள். தட்டு ஏந்தி வருகிறவர்களிடம் கேட்டுவிட்டு எடுங்கள். விரதம் இருப்பவர்கள், சிலருக்குப் பிடிக்காது.

#5 | காவிரிக்கரையான் | திருச்சி | மாசி 15

ஆசிரியர் ஐயாவுக்கு நன்றி. பின்பனி என்றே இனிச் சொல்கிறேன். இலுப்பைக்கு ஒரு காலை ஒதுக்கிவிட்டேன்.

கோவைச்சக்கரம் அண்ணா, விலா எலும்புக் கதையைப் படித்ததும் கழுத்துப் பட்டியைக் கழற்றி வைத்துவிட்டேன். ஆனால் பிரித்துக்கொள் என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. மோட்டார் சைக்கிளில் போனபோது இதே சாலையில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. நடந்து போனால் மூன்று கிலோமீட்டருக்குள் வெயில் வந்துவிடுகிறது. சைக்கிள் வேகத்தில்தான் காது வேலை செய்கிறது. வாகை மரத்துக் காய்ந்த நெற்றுகள் சலசலக்கிற சத்தத்தைக் கேட்டு நிறுத்தினேன். நிமிர்ந்தால் பக்கத்தில் இலையே இல்லாமல் சிவப்பாகப் பூத்த கல்யாண முருங்கை, அதில் மைனாக்களும் தேன்சிட்டும். என் சவாரியின் தாளம் நிற்பதையும் சேர்த்ததுதான். நின்ற இடங்கள்தான் எனக்கு ஞாபகம் இருக்கின்றன. மிதித்த தூரம் ஞாபகம் இல்லை.

#6 | வரப்போரம் | திருக்காட்டுப்பள்ளி அருகே | மாசி 17

தம்பி, எங்கள் பக்கம் வர ஆசைப்படுகிறீர்கள், சந்தோஷம். உளுந்து வயலைப் பற்றிக் கேட்டீர்கள். கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் போன வருடம் பட்ட வயிற்றெரிச்சல் இன்னும் தீரவில்லை.

இந்த உளுந்து நீங்கள் நினைக்கிற மாதிரி உழுது விதைத்தது இல்லை. சம்பா அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பு, நிற்கிற நெல்லுக்குள்ளேயே ஈரத்தில் விதையை வீசிவிடுவோம். நெல்லை அறுத்த பிறகு தாளுக்கு நடுவே முளை எட்டிப் பார்க்கும். அதற்கப்புறம் நாங்கள் தண்ணீர் பாய்ச்சுவதில்லை, பாய்ச்ச ஆற்றிலும் இல்லை. மண்ணில் மிச்சமிருக்கிற ஈரமும் மேலே இறங்குகிற பனியும்தான் அதற்குச் சோறு. ஆசிரியர் பின்பனி என்றாரே, அந்தப் பனியில் வளர்கிற பயிர் இது. எழுபது நாள்தான் ஆயுசு. இப்போது பூ. பூக்கும்போது ஒரு தடவை, பதினைந்து நாள் கழித்து ஒரு தடவை டிஏபி உரக் கரைசல் தெளிப்போம். அவ்வளவுதான் செலவு, அவ்வளவுதான் வரவு.

போன வருடம் இதே மாதத்தில் ஒரு கல்யாணப் படப்பிடிப்புக் குழு காரை நிறுத்திவிட்டு வயல் நடுவே இறங்கியது. எட்டுப் பேர். மாப்பிள்ளையும் பெண்ணும் ஓடி வருகிற காட்சியாம், நாலு தடவை ஓடினார்கள். உளுந்துச் செடி ஒரு சாண் உயரம். மிதிபட்டுத் தண்டு முறிந்தால் அது எழாது, பூ உதிரும். வரப்பிலிருந்து வரப்பு வரை ஒரு பாட்டை விழுந்துவிட்டது. நான் ஓடிப் போய்க் கேட்டதற்கு, "புல்தானே ஐயா" என்றார் ஒருவர். அவர்மேல் கோபமில்லை, அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஆனால் அந்தப் புல்தான் என் மகளின் கல்லூரிப் பணத்தில் ஒரு பங்கு.

அதனால் வாருங்கள், ஆனால் சாலையிலிருந்தும் வாய்க்கால் கரையிலிருந்தும் எடுங்கள். வரப்பில் ஏற வேண்டுமென்றால் பக்கத்தில் ஆள் இருந்தால் ஒரு வார்த்தை கேளுங்கள், யாரும் மறுக்க மாட்டோம். தாள் அறுத்த வயலில் எலி அதிகம். எலி இருந்தால் பாம்பு இருக்கும். வெறும் செருப்போடு இறங்காதீர்கள், ஷூ போட்டுக்கொள்ளுங்கள். வாய்க்கால் கரையில் சீமைக்கருவேல முள் கொட்டிக் கிடக்கிறது, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருவதுதான் நல்லது.

#7 | ஹார்லெம்வாசி | நெதர்லாந்து | மாசி 18

வரப்போரம் ஐயா எழுதியதைப் படித்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் இருப்பது துலிப் வயல்கள் பக்கம். இங்கே மார்ச்சில் குரோக்கஸ், அப்புறம் டாஃபடில், ஹையசிந்த், ஏப்ரல் நடுவில் துலிப் என்று வரிசையாக வரும். சைக்கிள் பாதைகளின் சந்திப்புகளுக்கு எண் போட்டுப் பலகை வைத்திருக்கிறார்கள். நாலைந்து எண்ணை ஒரு தாளில் எழுதிக்கொண்டால் வழி கேட்காமல் நாள் முழுக்கச் சுற்றலாம். தரை மட்டம், ஆனால் எதிர்க்காற்று மலை ஏறுவதற்குச் சமம்.

இங்கேயும் அதே பிரச்சினைதான். படம் எடுக்க வயலுக்குள் இறங்குகிறார்கள். விவசாயிகள் கயிறு கட்டி, பலகை வைத்துக் கெஞ்சுகிறார்கள். செடி நசுங்குவதோடு போகவில்லை. ஒரு வயல் மண்ணைக் காலில் ஒட்டிக்கொண்டு போய் அடுத்த வயலுக்கு நோயைக் கொடுத்துவிடுகிறோம். அவர்களுக்குப் பூ முக்கியமில்லை, கிழங்குதான் முக்கியம். நன்றாகப் பூத்த சில நாளில் இயந்திரம் விட்டுப் பூத்தலைகளை வெட்டிவிடுவார்கள், சத்து கிழங்குக்கு இறங்குவதற்காக. முதல் வருடம் அதைப் பார்த்து எனக்கு நெஞ்சு பதறியது. நேற்று சிவப்பாக இருந்த வயல் இன்று வெறும் பச்சை. எனக்கு அதிகம் பிடித்த படம் அந்த நாளில் எடுத்ததுதான்: வாய்க்கால் தண்ணீரில் மிதக்கிற வெட்டுப்பட்ட இதழ்கள். சாலையில் நின்றே எடுத்தேன்.

#8 | கோவைச்சக்கரம் | கோயம்புத்தூர் | மாசி 18

வரப்போரம் ஐயாவின் எழுத்து மனதைத் தொட்டது. எங்கள் குழுவில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன்.

முள் என்றதும் நினைவு வந்தது. வாய்க்கால் கரைக்குப் போவதென்றால் உபரி டியூப் ஒன்று, டயர் கழற்றும் பட்டை இரண்டு, கைப்பம்ப் கட்டாயம். பஞ்சர் ஒட்டியதும் டயரின் உட்பக்கத்தை விரலால் மெதுவாகத் தடவிப் பாருங்கள். முள்ளின் நுனி ஒடிந்து உள்ளேயே இருக்கும், அதை எடுக்காவிட்டால் கால் மணி நேரத்தில் மறுபடி இறங்கிவிடும். புதிதாக வண்டி வாங்குகிறவர்கள் மெல்லிய டயர் கேட்காதீர்கள். இந்த மாதிரிச் சாலைக்கு 35 மி.மீ. அகலம் இருக்கட்டும், காற்றையும் கொஞ்சம் குறைத்து அடித்தால் அதிர்வு குறையும்.

சூரியனை நோக்கி ஓட்டுவது பற்றி இன்னொரு எச்சரிக்கை. உங்கள் கண் கூசினால், உங்கள் பின்னால் வருகிற லாரிக்காரருக்கும் கூசுகிறது. அவருக்கு நீங்கள் தெரியமாட்டீர்கள். உதயத்துக்குப் பின் முதல் இருபது நிமிடம் எங்காவது நின்று படம் எடுங்கள், ஓட்டாதீர்கள். நிற்பதும் தாளம் என்று தம்பி சொன்னதற்கு என்னிடம் இருக்கும் ஒரே நல்ல காரணம் இதுதான். அந்த அளவுக்கு ஒத்துக்கொள்கிறேன்.

#9 | காவிரிக்கரையான் | திருச்சி | பங்குனி 2

போய் வந்துவிட்டேன். ஒரே லென்ஸ், 35 மி.மீ., இடுப்புப் பையில்.

ஐந்தே முக்காலுக்குத் திருவானைக்காவில் கிளம்பினேன். கிளிக்கூடு தாண்டும்போது கிழக்கு வெளுத்துவிட்டது. கோவைச்சக்கரம் அண்ணன் சொன்னபடி சைக்கிளைச் சாலையை விட்டு இறக்கி நிறுத்தினேன். ஆற்றுக்குள் ஒரு மடு. அதன் ஓரத்தில் ஒரு பெண் மணலைக் கையால் தோண்டி ஊற்று நீரைக் கிண்ணத்தில் மொண்டு குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தார். சூரியன் அவருக்குப் பின்னால் வந்தபோது கிண்ணத்திலிருந்து விழுகிற தண்ணீர் மட்டும் ஒளிக்கோடாகத் தெரிந்தது. கேட்டுவிட்டுத்தான் எடுத்தேன். "முகம் தெரியாதே, அப்புறம் என்ன படம்?" என்று சிரித்தார்.

கல்லணையில் ஷட்டர்கள் மூடியிருந்தன. தண்ணீர் பாயும் நாட்களில் நுரைக்கு அடியில் மறைந்துவிடுகிற கீழ்த்தளம் இப்போது வெயிலில் காய்ந்து கிடந்தது. கரிகாலன் காலம் தொட்டுச் சொல்லப்படுகிற அணை. 329 மீட்டர் நீளம். எத்தனையோ தடவை தண்ணீரைப் பார்க்க வந்திருக்கிறேன். அணையைப் பார்த்தது அன்றுதான்.

அங்கிருந்து கோவிலடி வழியாகத் திருக்காட்டுப்பள்ளி. வழியில் ஓர் இலவ மரம் காய் வெடித்துப் பஞ்சு பறக்கவிட்டுக்கொண்டிருந்தது. எதிர்வெளிச்சத்தில் ஒவ்வொரு பிசிறும் தனியாக மிதந்தது. அதைப் படம் எடுக்கத் தெரியவில்லை எனக்கு. இருபது எடுத்தேன், இருபதிலும் தூசு போலத்தான் இருக்கிறது. பின்னால் நிழலான தோப்பு வருகிற மாதிரி நின்றிருக்க வேண்டும் என்று வீட்டுக்கு வந்தபின்தான் புரிந்தது.

உளுந்து வயல். வாய்க்கால் கரையில் குப்புறப் படுத்துக்கொண்டேன். மூன்று மூன்றாக இலை. இலையில் மெல்லிய ரோமம். பனி இலையில் பரவவில்லை, அந்த ரோமங்களின் நுனியில் ஊசிமுனை அளவு மணிகளாக நின்றது. பூ சுண்டுவிரல் நகத்தளவுகூட இல்லை. மஞ்சள் இதழுக்குள் இன்னொரு இதழ் சங்கு மாதிரி சுருண்டு கிடக்கிறது. உளுந்தில் இட்லி தின்று வளர்ந்தவன், முப்பத்தெட்டு வயதில் இப்போதுதான் அந்தப் பூவைப் பார்க்கிறேன். வெயில் ஏற ஏற மணிகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. கொஞ்ச நேரத்தில் இலை உலர்ந்துவிட்டது.

திரும்பி வருகையில் வெயில் தலையில் இறங்கிவிட்டது. அடுத்த தடவை பாதி வழிக்கு முதல்நாள் இரவே வந்து தங்க வேண்டும். வரப்போரம் ஐயா, உங்கள் ஊர் எது என்று தெரியாததால் உங்களைத் தேட முடியவில்லை. ஆனால் வரப்பில் கால் வைக்கவில்லை.

#10 | நிலாமுற்றம் | ஸ்ரீரங்கம் | பங்குனி 2

அண்ணா, ஊற்றுத் தண்ணீர்ப் படத்தை ஒரு பிரதி எடுத்து அந்த அம்மாவுக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள். தண்ணீர் கொடுக்கிற உத்தமர்சீலிப் பாட்டிக்கு அப்படிக் கொடுத்தோம். சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார், வருகிறவர்களிடமெல்லாம் காட்டுகிறார்.

#11 | வரப்போரம் | திருக்காட்டுப்பள்ளி அருகே | பங்குனி 3

தம்பி, நேற்று என் வீட்டுக்காரிக்கு நீங்கள் எழுதிய பூவைப் பற்றிப் படித்துக் காட்டினேன். முப்பது வருடமாகப் பார்க்கிற பூ. இன்று காலை அவளே ஒன்றைக் கிள்ளிக்கொண்டு வந்து, "ஆமாம், சங்கு மாதிரிதான் இருக்கிறது" என்றாள்.

பங்குனி இருபது தேதிக்கு மேல் செடியைப் பிடுங்கிக் களத்தில் அடிப்போம். வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும் என்பதால் ஐந்தரைக்கே வயலில் இருப்போம். அடிக்கும்போது எழும்புகிற தூசியில் காலை வெயில் விழுவதை நீங்கள் பார்க்க வேண்டும். முதல்நாள் இரவே வந்து எங்கள் திண்ணையில் படுத்துக்கொள்ளுங்கள். ஊர் பெயரையும் வழியையும் தனிச் செய்தியில் அனுப்புகிறேன். மதகைத் தாண்டியதும் உங்கள் அப்பா வண்டி மணியை இரண்டு தடவை அடியுங்கள், நாயைக் கட்டிவிட்டு நான் விளக்கோடு வருகிறேன்.